மீதித் தொண்ணூற்றொன்பது

கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை அரைக்கிறவளை எல்லாரும் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கே கண் பவர் அதிகம். ஆனால் அரவைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் தன் கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றிக்கொள்வாள். கிட்டத்தில் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். கை எட்டாத தூரத்தில் இருக்கிற கடை, வாடிக்கையாளர்கள், தெரு, தெருவில் போகிற பேருந்து எல்லாம் பாலில் நனைத்து எடுத்த மாதிரி ஓரம் கரைந்து கிடக்கும். சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் மனசு எங்கேயாவது போய்விடும், கை மட்டும் வேலை பார்க்கும்.

அப்படி மனசு போயிருந்த ஒரு மத்தியானத்தில்தான் முதல் ஆடு பிறந்தது.

புது பிரேம் வரும்போது அதில் பவர் இல்லாத பிளாஸ்டிக் வில்லை ஒரு ஜோடி இருக்கும். டம்மி என்பார்கள். அசல் வில்லையைப் போட்டதும் டம்மி குப்பைக்குப் போய்விடும். குப்பைக்குப் போக இருந்த ஒன்றில், மையம் குறிக்கிற பேனாவால் அவள் சும்மா ஒரு ஆடு வரைந்தாள். கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற விளக்குப் பெட்டியின் மேல் அதை வைத்தாள். ஆடு வெளிச்சத்தில் நின்றது. விரலால் மெல்லத் தள்ளினால் மேகத்தின் மேல் நடக்கிற மாதிரி நழுவி நடந்தது. இன்னொன்று வரைந்தாள். அப்புறம் இன்னொன்று.

சின்ன வயசிலிருந்து அவளுக்கு ஒரு சந்தேகம். நூறு ஆடு வைத்திருந்தவர் ஒன்று தொலைந்ததும் மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அதைத் தேடிப் போன கதையை ஞாயிறு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவர் போய்த் திரும்புகிற வரைக்கும் அந்தத் தொண்ணூற்றொன்பதும் என்ன செய்துகொண்டிருந்தன என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஆலயத்துக்குப் போய்வந்ததில் அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. அவை கமிட்டி போட்டிருக்கும்.

சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கையால் டம்மிகளை நகர்த்திக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்துப் படம் எடுப்பாள். எல்லா ஆட்டுக்கும் குரல் அவளே. இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி அதற்கு ‘மீதித் தொண்ணூற்றொன்பது’ என்று பெயர் வைத்தாள். தன் பெயரைப் போடவில்லை.

ஆடுகள் கூட்டம் கூட்டின. மேய்ப்பர் முன் அனுமதி இல்லாமல் வெளியே போனது சரியா என்று விவாதித்தன. முப்பது வருஷமாக ஒரு தடவைகூடத் தொலைந்ததில்லை என்பதற்காக ஓர் ஆடு தனக்குத்தானே மாலை போட்டுக்கொண்டு, பசிக்கு அதையே தின்றது. இன்னொரு ஆடு விடிந்ததும் எல்லாருக்கும் புல் படம் அனுப்பியது: “இதை ஏழு ஆடுகளுக்கு அனுப்பினால் இன்றே மழை வரும். அலட்சியம் செய்த ஓர் ஆட்டுக்கு மறுநாளே மொட்டை அடிக்கப்பட்டது.”

ஒவ்வொரு படத்தின் கடைசியிலும் பேச்சு நின்றுவிடும். ஆடுகள் எல்லாம் தூங்கிப்போய்க் கிடக்கும். அவற்றுக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு சின்ன வெளிச்சம் மேலும் கீழுமாக அசைந்து போகும். யாரோ விளக்கோடு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். அதற்கு அவள் ஒரு வார்த்தையும் போடுவதில்லை. தெரியாத ஒருவர் கீழே எழுதியிருந்தார்: “சிரிச்சுக்கிட்டே இருந்தேன். அந்த வெளிச்சம் வந்ததும் ஏன்னு தெரியல, போனைக் கீழ வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.” அவளுக்கு அது போதும். ஜெபிக்க முழங்காலில் நின்றால் அவளுக்குத் தூக்கம்தான் வரும். ஆடு வரையும்போதுதான் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

இந்த விஷயம் தெரிந்தவன் அவள் புருஷன் ஒருவன்தான். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு வருகிறவன். சாயங்காலம் படத்தைப் போட்டுப் பார்த்து, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பான்.

சத்தம் வரக் கூடாததற்குக் காரணம், பக்கத்து அறையில் அவன் அப்பா இருந்தார். ரயில் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு பெற்றதே தவிர, குரல் பெறவில்லை. வாயைத் திறக்கும் முன் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். பிறகு வீடே நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு குரல் வரும்.

“கவனிக்கவும். குளியலறைக் கதவில் நீலத் துண்டு ஒன்று விடப்பட்டுள்ளது. உரியவர் உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்.”

“என்னுதுதான் மாமா, இதோ வந்துட்டேன்” என்று மருமகள் ஓடுவாள்.

காலை ஆறு மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல், தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு வேத வசனம் அனுப்புவார். ரோஜாவின் மேல் வசனம், புறாவின் மேல் வசனம், சூரியோதயத்தின் மேல் வசனம். வாரம் ஒரு சுற்று.

கண்ணாடிக்காரி தலைமை ஆட்டுக்கு அந்தக் குரலைத்தான் எடுத்துக்கொண்டாள். செருமலையும் சேர்த்து. வீட்டில் கிடக்கிற பொருளை எடுத்துப் புழங்குகிற மாதிரி, பெரிதாக யோசிக்காமல் எடுத்துக்கொண்டாள்.

வம்பு வந்தது ஜெபக் குறிப்புப் படத்தில். தலைமை ஆடு மேடையேறித் தொண்டையைச் செருமுகிறது. “கவனிக்கவும். நம் மந்தையில் வழி தவறிப்போன ஒருவருக்காக ஜெபிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். இடது காதில் கறுப்பு மச்சம் இருக்கும். மூன்றாவது வரிசையில் உட்காருவது வழக்கம். சமீபகாலமாகப் புல்லில் நம்பிக்கை இல்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறது. மற்றபடி பெயர் வேண்டாம்.” தொண்ணூற்றொன்பது தலையும் ஒரே நேரத்தில் மூன்றாவது வரிசைக்குத் திரும்புகின்றன. இடம் காலியாக இருக்கிறது. பிறகு அந்தத் தூரத்து வெளிச்சம்.

இரண்டே நாளில் படம் எங்கெங்கோ போய்விட்டது. எல்லாச் சபையிலும் அப்படி ஒரு ஜெபக் குறிப்பு இருந்திருக்கும் போல. “எங்க சபைக்கு வந்திருந்தீங்களா?” என்று ஆயிரம் பேர் கேட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அவர்கள் சபைப் போதகரே கடைக்கு வந்தார், படிக்கிற கண்ணாடி மாற்ற. அளவெடுக்கிறவன் விடுப்பில் இருந்ததால் கண்ணாடிக்காரியே முன்னறைக்கு வந்தாள்.

“நேரா என் மூக்கைப் பாருங்க ஐயா.”

“பாக்கறேம்மா. ஆமா, அந்த ஆட்டுக் கூத்தைப் பாத்தியா நீ?”

அவள் அளவுகோல் கொஞ்சம் நழுவியது. “எந்த ஆடு ஐயா?”

“விசுவாசத்தையே கேலி பண்றாங்கம்மா. ஞாயித்துக்கிழமை ரெண்டு வார்த்தை கண்டிச்சுப் பேசணும்னு எழுதிக்கூட வெச்சுட்டேன்.” கொஞ்ச நேரம் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தொப்பை ஒருமுறை குலுங்கியது. “ஆனா அந்த மொட்டை அடிச்ச ஆடு இருக்கே…” என்று தொடங்கியவரால் முடிக்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“சிரிச்சா அளவு தப்பிப்போயிரும் ஐயா.”

“சரி சரி.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, வேறு யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார். “அந்த விளக்கு இருக்கு பாரு, அதைச் சும்மா கேலி பண்றவங்க வைக்க மாட்டாங்க.” ஞாயிற்றுக்கிழமை அவர் எதையும் கண்டிக்கவில்லை. ஜெபக் குறிப்பு வாசிக்கும் நேரத்தில் மட்டும், சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

ஆனால் வீட்டில் அறிவிப்பு நின்றுபோயிருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ரோஜா வரவில்லை. செவ்வாய்க்கிழமை புறாவும் வரவில்லை. மாமனார் ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து, குளித்து, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். துண்டு கதவிலேயே கிடந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. கண்ணாடியைக் கழற்றியதுபோல அறைகளெல்லாம் ஓரம் கரைந்து தெரிந்தன.

புதன்கிழமை காலை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே புருஷன் சொன்னான். “அப்பா அந்தப் படத்தைப் பாத்துட்டாரு. யாரோ அவருக்கே அனுப்பியிருக்காங்க.”

“குரல் கண்டுபிடிச்சுட்டாரா?”

“குரல் இல்ல. விஷயம்.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “உனக்கு அக்காவைப் பத்தி நான் முழுசா சொன்னதில்ல. படம் பாத்த அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

அவனுக்கு ஓர் அக்கா உண்டு, வேறு ஊரில் இருக்கிறாள், போக்குவரத்து இல்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்த கதை. அன்றுதான் மிச்சத்தையும் கேட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அக்கா அப்பாவிடம் தனியாக வந்து, “எனக்கு இப்பல்லாம் ஜெபிக்க வரலப்பா, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று சொல்லியிருக்கிறாள். அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் எழுந்து போய், தொண்டையைச் செருமி, மைக்கில் சபைக்கு அறிவித்துவிட்டார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தாள். எழுந்து நடந்தவள் வாசலைத் தாண்டிப் போனாள். வீட்டுக்கும் அப்புறம் வரவில்லை.

“மூணாவது வரிசையா?” என்றாள் கண்ணாடிக்காரி. “ஐயோ, அது நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னது.”

“தெரியும். ஆனா அவர் என்ன நினைக்கிறாருன்னா, அன்னிக்கு அங்க இருந்த யாரோ பதினோரு வருஷம் மனசுலயே வெச்சிருந்து இப்ப பழி வாங்கறாங்கன்னு. தினம் காலைல அக்காவோட பழைய நம்பருக்கும் சேத்துத்தான் வசனம் அனுப்புவாரு. போய்ச் சேந்ததே இல்ல.”

அன்று கடையில் அவள் ஒரு வில்லையைப் பாழாக்கினாள். மத்தியானம், தன் இணையப் பக்கத்தில் வந்து கிடந்த நூற்றுக்கணக்கான செய்திகளைத் திறந்து பார்த்தபோது, அவற்றின் நடுவில் ஒன்று இருந்தது. முகம் இல்லாத கணக்கு. முகத்துக்குப் பதிலாக நீல நிறத் தண்ணீர்.

“யார் நீங்க? அன்னிக்கு அந்தச் சபையில இருந்தீங்களா? மூணாவது வரிசையில இருந்தது நான்தான். கோபத்தோடதான் பார்க்க ஆரம்பிச்சேன். ஆனா அந்தச் செருமல் கேட்டதும் சிரிப்பு வந்துருச்சு. நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவர் உயிரோட இருக்காரா?”

தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்காரி போனை முகத்துக்கு நேரே கொண்டுவந்து அந்தக் கடைசி வரியைப் பல தடவை படித்தாள். பிறகு எழுதினாள்: “இருக்கார். நல்லா இருக்கார். அண்ணி, நான் அவர் மருமகள். அந்த ஆடு நான்தான். எனக்கு அந்தக் கதை தெரியாது. மன்னிச்சிருங்க.”

வேலை முடிந்து கிளம்பும்போதுதான் பதில் வந்தது. “தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” அதற்குக் கீழே, “அவர்கிட்ட சொல்லு. ஆனா பேசச் சொல்லாதே. எனக்குப் பேச வராது.”

சாயங்காலம் அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். கொடியில் காய்ந்த சட்டைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாமனாரின் முகம் பாதி வெளிச்சமும் பாதி சட்டை நிழலுமாக இருந்தது.

“மாமா, அந்தத் தலைமை ஆடு நான்தான்.”

அவர் திரும்பவில்லை. “அந்த மூணாவது வரிசை விஷயம் உனக்கு யாரு சொன்னது?”

“படம் எடுக்கறப்ப எனக்கு எதுவும் தெரியாது மாமா. குரல் மட்டும்தான் உங்களுது. மத்ததெல்லாம் எல்லா இடத்துலயும் நடக்கறதுதானேன்னு…”

“எல்லா இடத்துலயும் நடக்குதா?” என்று கேட்டார். “அப்ப நான் ஒருத்தன் மட்டும் இல்ல.” அது ஆறுதலா அவமானமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. பிறகு சொன்னார், “ஒரு தப்பு பண்ணியிருக்கே. ஆடு ஒரு தடவைதான் செருமுது. நான் ரெண்டு தடவை செருமுவேன்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. போனை அவர் மடியில் வைத்து, நாத்தனாரின் செய்தியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடினார். அது மூக்கின் மேலேயே இருந்தது. படித்தார். ‘உயிரோட இருக்காரா’ என்ற இடத்தில் விரலை வைத்தபடி இருந்தார்.

“பேசுங்க மாமா. குரல் பதிவு பண்ணி அனுப்பலாம்.”

“என்ன பேசறது? எனக்கு அறிவிக்கத் தெரியும்மா. பேசத் தெரியாது.”

அங்கே பேச வராதவள், இங்கே பேசத் தெரியாதவர். கண்ணாடிக்காரி இரண்டு நாள் வில்லை அரைத்துக்கொண்டே யோசித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் மாமனாரைக் கடையின் பின்னறைக்குக் கூட்டிவந்து, விளக்குப் பெட்டியின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். “இது நீங்க இல்ல மாமா, ஆடு” என்றாள். எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை செருமினார்.

“கவனிக்கவும். நூறாம் எண் ஆடு எங்கிருந்தாலும் தன் நலம் குறித்துத் தகவல் தரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

அதை நாத்தனாருக்கு அனுப்பி, “நீங்க நூறாவது ஆடு. இஷ்டம் இருந்தா பதில் சொல்லுங்க” என்று எழுதினாள். மறுநாள் ஒரு குரல் வந்தது, அவள் அதுவரை கேட்டிராத, ஆனால் புருஷனின் குரலுக்கு உறவான ஒரு குரல். “மே. இங்க புல்லு நல்லாத்தான் இருக்கு. நான் ஒண்ணும் தொலையல. வெளிய வந்தேன், அவ்வளவுதான்.”

மாமனார் அந்த ‘மே’யை மட்டும் பத்துத் தடவை கேட்டார்.

நாத்தனாரின் சம்மதத்தோடு வாரம் ஒரு படம் இணையப் பக்கத்தில் வந்தது. தலைமை ஆடு தூரத்திலிருந்து அறிவிக்கும், நூறாவது ஆடு பதிலுக்கு வாயாடும். பார்க்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தலைமை ஆட்டுக்குக் குரல் கொடுப்பவர் பெரிய நடிகராக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். போதகர் ஒரு நாள் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க குரல் ஒருத்தருக்கு அப்படியே இருக்கு” என்று சொல்லிவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் போனார்.

ஐந்தாவது வாரம் மாமனார் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். ஆட்டுக் குரலில்தான் பேசினார். ஆனால் வேகம் இல்லை.

“கவனிக்கவும். ரகசியமாகச் சொல்லப்பட்ட ஒன்று, மேடையில் வாசிக்கப்பட்டது. வாசித்த ஆட்டுக்குப் பயம். பிள்ளை போய்விடும் என்ற பயம். அதனால்தான்…” நிறுத்தினார். “அதனால்தான் போய்விட்டது. தவறு அறிவிப்பாளருடையது. வருந்துகிறோம்.” பிறகு, “வருந்துகிறேன்” என்று திருத்தினார்.

கண்ணாடிக்காரி அதை இணையப் பக்கத்தில் போடவில்லை. நாத்தனாருக்கு மட்டும் அனுப்பினாள்.

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. மாமனார் காலை ஆறு மணிக்கு எழுந்து, எதையும் அனுப்பாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நூறாவது ஆடு என்ன ஆச்சு?” என்று ஊர் தெரியாத ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் பதில் போடவில்லை.

மூன்றாவது வாரம் குரல் வந்தது. இந்தத் தடவை ‘மே’ இல்லை.

“அப்பா. நான் இன்னும் ஜெபிக்கறதில்ல. இனிமேலும் வருமான்னு தெரியல. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசறதா இருந்தா, வியாழக்கிழமை எனக்கு லீவு. சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடறேன்.”

வியாழக்கிழமை மாமனார் மூன்று மணிக்கே குளித்து, சலவைச் சட்டை போட்டு, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகன் அரை நாள் விடுப்பில் வந்து, வேலை இருக்கிற மாதிரி சமையலறையில் நின்றான். நாலு மணிக்கு போன் அடித்தது. அவர் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். செருமவில்லை.

“சொல்லும்மா.”

கண்ணாடிக்காரி கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கடைசியில் மாமனார் கேட்டார். “என்ன வேலை பாக்கறே?”

“நீச்சல் சொல்லிக் குடுக்கறேம்பா. பெரியவங்களுக்கு. தண்ணின்னாலே பயப்படறவங்களுக்கு.”

“முதல்ல என்ன சொல்லிக் குடுப்பே?”

“மிதக்க.”

“எப்படி?”

“போன்லயா?” அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. “முதல்ல தலையைப் பின்னால சாய்க்கணும்பா. அதுக்குத்தான் எல்லாரும் பயப்படுவாங்க. காது தண்ணிக்குள்ள போகும். போகட்டும்னு விட்டுடணும். சத்தமெல்லாம் தூரமாப் போயிடும். கையைக் காலை ஆட்டக் கூடாது. நான் முதுகுக்குக் கீழ கை வெச்சிருப்பேன்.”

கண்ணாடிக்காரி தன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். எல்லாம் கலங்கலாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் மாமனார் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் பக்கவாட்டில் மெல்ல விரித்துக்கொண்டிருந்தார்.

“சாஞ்சுட்டேன்” என்றார். “அப்புறம்?”